தாய் சாப்பிடுவதுதான் குழந்தையின் பருமனைத் தீர்மானிக்கிறதா?

தளிர்:
ஆமாம் என்பதே என் கட்சி. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். பின்னாளில் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த சுமார் 3 லட்சம் ஆண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். தாய் கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி கிடந்திருந்தால் மகனுக்குப் பருமன் கூடுதல். பஞ்சம் கடைசி மூன்று மாதத்தில் வந்திருந்தால் குறைவு. எந்த மாதம் என்பதே முடிவை மாற்றிவிடுகிறது.

கல்யாணி:
அது பஞ்சம், பழக்கம் இல்லையே. பழக்கத்தை மாற்றிப் பார்த்த ஆய்வைச் சொல்லுங்கள். பிரிட்டனில் 'அப்பீட்' ஆய்வில் பருமனான கர்ப்பிணிகள் 1,555 பேர். ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். தாய்க்கு எடை கொஞ்சம் கம்மியாக ஏறியது, ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் குறையவில்லை, அளவுக்கு மீறிப் பெரிய குழந்தைகளும் குறையவில்லை. பெலாரஸில் 17,000 தாய்-சேய் ஜோடிகளிடம் தாய்ப்பாலை ஊக்குவித்தும் பதினொன்றரை வயதில் பருமன் குறையவில்லை. எல்லாப் பழியையும் தாய் தலையில் கட்டுவது அநியாயம்.

தளிர்:
பழி சொல்லவில்லைங்க. 'அப்பீட்' தொடங்கியதே கர்ப்பத்தின் 15 வாரத்துக்கு மேல். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. சிசு தானே இன்சுலின் சுரந்து, மிச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால் கருத்தரிக்கும் முன்பே எடையைக் கவனிக்கணும். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 18.5-24.9 என்றால் கர்ப்பத்தில் 11.5-16 கிலோ ஏறலாம். 30-க்கு மேல் என்றால் 5-9 கிலோ போதும். 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்கிற பேச்சுதான் கெடுக்கிறது. முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரியே தேவையில்லை. அடுத்த மூன்றில் தினம் சுமார் 340, கடைசியில் 450.

வேலன்:
பெலாரஸ் பற்றி ஒன்று. அங்கே இரு பக்கத் தாய்மாரும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்களே. எவ்வளவு காலம், எவ்வளவு முழுமையாக என்பதில்தான் வித்தியாசம். தாய்ப்பாலா பால்மாவா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. பால்மாவை ஐந்து ஐரோப்பிய நாடுகளில் சோதித்தார்கள்: புரதம் குறைந்த மாவு குடித்தவர்களிடம் ஆறு வயதில் பருமன் குறைவு. வீட்டில் நடக்கிற தப்பு, கரண்டியைக் குவித்து அளப்பது. கத்தியால் வழித்துச் சமன் செய்யணும், முதலில் தண்ணீர், பிறகு மாவு. இல்லாவிட்டால் ஒவ்வொரு புட்டியிலும் கலோரி கூடும்.

கல்யாணி:
அளவு சரி, ஏற்கிறேன். ஆனால் சிலியில் 2016-ல் உணவுப் பொட்டலத்தின் முன்பக்கம் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகம் என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை வந்தது, குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்துக்கும் தடை. முத்திரை விழுந்த பானங்களை வீடுகள் வாங்குவது கால்வாசி அளவுக்குக் குறைந்தது. எந்தத் தாயையும் தனியாக உட்கார வைத்து யாரும் உபதேசிக்கவில்லை. காசை முதலில் இங்கே போடணும் என்கிறேன்.

தளிர்:
முத்திரையும் வேண்டும்தான். ஆனால் அது கருத்தரிக்கப்போகும் பெண்ணின் எடையைக் குறைத்ததா? அந்தக் கணக்கு கையில் இல்லாமல் ஒன்றை விட்டு ஒன்றுக்கு மட்டும் காசு போட நான் சம்மதிக்க மாட்டேன்.