ராஸ்பெர்ரி பை 4 கூட என்னென்ன வாங்க வேண்டும்? புழு மனையில் வைக்கப் போகிறேன்

பாலக்கோடு பையன்
வணக்கம். வீட்டில் அம்மா பட்டுப்புழு வளர்க்கிறார்கள். சூடும் ஈரமும் சரியாக இருக்கிறதா என்று ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து மனைக்குப் போகிறார்கள், அதைப் போனிலேயே பார்க்கிற மாதிரி செய்து கொடுக்க ஆசை. ராஸ்பெர்ரி பை 4 என்கிற சின்னக் கணினியில் 2 ஜிபி போர்டு மட்டும் வாங்கிவிட்டேன், இதுதான் முதல் போர்டு. மீதி 2500 ரூபாய் இருக்கிறது. ஒரு கிட் பார்த்தேன்: ஃபேன் வைத்த பெட்டி, சின்ன டச் ஸ்கிரீன், சூடும் ஈரமும் அளக்கிற டிஎச்டி11 சென்சார், ஜம்பர் ஒயர் எல்லாம் சேர்ந்து வருகிறது. சார்ஜர் போனுடையது இருக்கிறது, மெமரி கார்டு பழைய போனில் கழற்றியது. கிட்டை வாங்கிவிடலாமா?

காவேரிப்பட்டணம் ஒயர்மேன்
தம்பி, முதலில் அடாப்டர். மற்றதெல்லாம் அப்புறம். பை 4-க்கு என்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்ப் டைப்-சி அடாப்டரை வாங்குங்கள். நானும் போன் சார்ஜரில்தான் ஆரம்பித்தேன், பென்டிரைவ் செருகினால் போதும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். போர்டுதான் பழுது என்று பத்து நாள் அலைந்தேன். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி வந்து வந்து போனதை அப்போது கவனிக்கவில்லை. கடைசியில் போர்டின் 5 வோல்ட் பின்னிலும் (ஒயர் செருகுகிற ஊசிக் கால்) கிரவுண்டிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.6-க்கும் கீழே ஆடுகிறது. 4.63-க்குக் கீழே இறங்கினாலே அந்தக் குறி வரும். போன் சார்ஜரில் வாட்ஸ் பெரிதாகப் போட்டிருந்தாலும் அது போன் கேட்டால்தான் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும், 5 வோல்ட்டில் பல சார்ஜர்கள் 2 ஆம்ப்தான். மெல்லிசான நீள கேபிள் இருந்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

மல்பெரித் தோட்டம், பென்னாகரம்
நாங்களும் புழு வளர்க்கிறோம், அதனால் சொல்கிறேன், அந்த ஃபேன் பெட்டி வேண்டவே வேண்டாம். புழு தோலுரிக்கும்போது படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவோம் இல்லையா, ஃபேன் அதை அப்படியே உள்ளே இழுத்துப் போர்டின் மேல் படிய வைக்கும். ஃபேன் இல்லாத அலுமினியப் பெட்டியே போதும், சும்மா வெப்பநிலை படிக்கிற வேலைக்குப் போர்டு பெரிதாகச் சூடாகாது. பையை மனைக்குள் வைக்காதீர்கள், சுவருக்கு வெளிப்பக்கம் நனையாத இடத்தில் வைத்து, சென்சார் ஒயரை மட்டும் ஒரு துளை வழியாக உள்ளே விடுங்கள். ஒவ்வொரு முறையும் மனையைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்துச் சுத்தம் செய்கிறபோது சென்சாரைக் கழற்றி வைத்துவிடுங்கள், குளோரின் பட்டால் பின்னெல்லாம் பச்சை பிடிக்கும்.

டிஎச்டி11-ம் வேண்டாம். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும், அந்தச் சென்சார் 80-ஐத் தாண்டினாலே நம்பும்படி இருக்காது. டிஎச்டி22 வாங்குங்கள், மூன்று கால் போர்டோடு வருவது. அதை 3.3 வோல்ட் பின்னில்தான் கொடுக்க வேண்டும். 5 வோல்ட்டில் கொடுத்தால் டேட்டா காலிலும் 5 வோல்ட் வந்து, போர்டில் அது செருகியிருக்கிற பின் பழுதாகிவிடும். 3.3-ல் ஒயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஓசூர் நைட் ஷிப்ட்
டச் ஸ்கிரீன் வேண்டாம், காசு மிச்சம் ப்ரோ. ராஸ்பெர்ரி பை இமேஜர் என்கிற மென்பொருளில் கார்டு எழுதும்போதே வைஃபை பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் (வேறு கணினியில் இருந்து உள்ளே போகிற வழி) எல்லாம் போட்டுவிடலாம், மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாமல் லேப்டாப்பில் இருந்தே உள்ளே போகலாம். டிவியில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் தனியாக வாங்க வேண்டும், வீட்டில் இருக்கிற சாதா கேபிள் இதில் நுழையாது.

பழைய கார்டையும் விடுங்கள். ஏ1 என்று போட்ட 32 ஜிபி புதுசு ஒன்று, ரசீது தருகிற கடையில் வாங்குங்கள், போலி நிறைய சுற்றுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகும், நம் ஊரில் அது நடக்கும். ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் கார்டை அப்படியே லேப்டாப்பில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டருக்கு வைக்கிற மினி யூபிஎஸ் வாங்குவதாக இருந்தால் 5 வோல்ட், 3 ஆம்ப் கொடுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் பின்னைத் தவறிக்கூட இதில் கொடுக்காதீர்கள்.

பாலக்கோடு பையன்
சுண்ணாம்புத் தூள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, ரொம்ப நன்றி. கிட்டை விட்டுவிட்டேன். அடாப்டர், கார்டு, டிஎச்டி22, அலுமினியப் பெட்டி, ஜம்பர் ஒயர், இவ்வளவுதான் வாங்கப் போகிறேன். மனைக்கும் வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடி இருக்கும், இடையில் ஒரு கல் சுவர், அதோடு அலுமினியப் பெட்டி வேறு. வீட்டு வைஃபை அதுவரைக்கும் எட்டுமா?

ஓசூர் நைட் ஷிப்ட்
பெட்டி சிக்னலைக் கொஞ்சம் குறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள், 5-ஐ விட அதுதான் சுவரைத் தாண்டும். பையை அங்கே வைக்கும் முன்பே அந்த இடத்தில் உங்கள் போனை வைத்து எத்தனை கோடு வருகிறது என்று பாருங்கள்.