எடை குறைப்பதற்கென்று விற்கப்படும் பானங்களால் உண்மையில் பயன் உண்டா?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் தோழி ஒருவர், தம் தெருவில் காலை வேளையில் நடக்கும் ‘ஊட்டச்சத்து மன்றம்’ ஒன்றில் சேர்ந்து இரண்டு மாதங்களில் 5 கிலோ குறைந்திருக்கிறார். கண்ணால் பார்த்ததை நான் மறுப்பதற்கில்லை. அவர் பேச்சைக் கேட்டு நானும் போன வாரம் இரண்டு பொருள்களை வாங்கி வந்தேன். ஒன்று, காலை உணவுக்குப் பதிலாகப் பாலில் கலந்து குடிக்க வேண்டிய ஷேக் மாவு. மற்றொன்று, இரவு படுக்கப் போகும்முன் வெந்நீரில் போட்டுக் குடிக்கும் மூலிகைத் தேநீர்ப் பைகள். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,600 ரூபாய் ஆகிறது.

தேநீரைக் குடிக்கத் தொடங்கி ஐந்து நாள்கள் ஆகின்றன. தினமும் காலையில் மூன்று முறையாவது கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது; ஆனால் எடை 1.8 கிலோ குறைந்திருப்பதாக இயந்திரம் காட்டுகிறது. இவ்வளவு விரைவாகக் குறைவதில் மகிழ்ச்சி பாதி, ஐயம் பாதியாக இருக்கிறேன். என் கணவரோ, இதுவரை குளிர்பானமே குடிக்காதவர், சர்க்கரை இல்லாத கோலா உடலை இளைக்க வைக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டோடு தினமும் ஒரு கேன் குடிக்கிறார். ஷேக்கைப் பொறுத்தவரை எனக்கு ஒரு வசதி இருக்கிறது: காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆறரைக்குள் ஷேக்கைக் குடித்துவிட்டு, ஏழு மணிப் பேருந்தைப் பிடித்துவிட முடிகிறது, சட்னி அரைக்கும் வேலை மிச்சம். இவற்றைத் தொடரலாமா, அல்லது வீண் செலவா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தராசு:

சகோதரிக்கு வணக்கம். நான் இந்த ஷேக்கைக் குடித்தவன் மட்டுமல்லன், ஓராண்டுக் காலம் விற்றவனும்கூட. எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லா மன்றங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கின்றன. எங்கள் வீட்டு முன்னறையில் காலை ஆறரைக்கு மிக்ஸி ஓடத் தொடங்கும். ஆணியில் ஓர் அளவுநாடா தொங்கும், மூலையில் எடை இயந்திரம் இருக்கும், வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்க, நான் நோட்டுப் புத்தகத்தில் எடையைக் குறித்துக்கொள்வேன். கால் கிலோ குறைந்திருந்தாலும் அறையில் இருக்கும் பத்துப் பேரும் கைதட்ட வேண்டும் என்பது நியதி. அந்தக் கைதட்டலுக்காகவே முதல் நாள் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

எனக்கு நான்கு மாதங்களில் 9 கிலோ குறைந்தது. அதற்குக் காரணம் ஷேக்தான் என்று கூட்டங்களில் மேடையேறி நானே சொல்லியிருக்கிறேன், அப்போது அதை மனமார நம்பவும் செய்தேன். பிறகு ஒருநாள், சேரும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் தாளை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். இரவில் சோறு கூடாது, மாலையில் பஜ்ஜியும் வடையும் கூடாது, காபியில் சர்க்கரை கூடாது, தினமும் 45 நிமிடம் நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவையும் ஒருவர் கடைப்பிடித்துவிட்டு ஷேக்கைத் துளசி மாடத்தில் ஊற்றியிருந்தாலும் இளைத்திருப்பார்.

காலை உணவுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். முன்பு நான் சாப்பிட்டது ஒரு தட்டு வெண்பொங்கல், இரண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி. ஏறத்தாழ 650 கலோரி. ஆடை நீக்கிய பாலில் கலந்த ஷேக் சுமார் 200 கலோரி. நாளொன்றுக்கு 450 என்றால் மாதத்துக்கு 13,500 கலோரி குறைகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி ஆதலால், மாதம் ஒன்றே முக்கால் கிலோ குறைவதற்கு வேறு எந்த மாயமும் தேவையில்லை. பொங்கலை நிறுத்தியதே போதும். நான் விற்ற மாவில் ஒரு வேளைக்கு இருந்த புரதம் 9 கிராம்தான். கலக்கும் 200 மி.லி. பாலிலேயே ஆறரை கிராம் இருக்கிறது. டப்பாவின் முகப்பில் இருந்த பெரிய எண் இரண்டையும் கூட்டிப் போட்டது என்பது, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

விற்பதை நிறுத்திய பிறகு குடிப்பதையும் நிறுத்தினேன். ஓராண்டுக்குள் 7 கிலோ திரும்பி வந்துவிட்டது. ஆயுள் முழுவதும் காலையில் வெனிலா மணக்கும் பாலைக் குடித்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை, அவ்வளவுதான்.

பொருநை:

அம்மா, ஷேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் மூன்று முறை போக வைக்கும் தேநீர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் களத்துமேடுதான் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நிலாவாரை பயிரிடுவது உண்டு. எங்கள் பக்கத்தில் அவுரி என்றும் சொல்வார்கள். இலையை உருவி, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவேலி சென்னா’ என்றே பெயர். வெளிநாடுகளில் ‘இளைக்க வைக்கும் தேநீர்’ என்று பளபளப்பான பெட்டியில் விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் இருப்பது இந்தச் சென்னாதான். உங்கள் பெட்டியின் பின்புறத்தில் ‘சென்னா’ என்றோ ‘காசியா ஆங்குஸ்டிஃபோலியா’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இது பேதி மருந்து. எங்கள் பாட்டி ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளி விடுமுறையில், ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் கலந்து எங்களுக்குக் கொடுப்பார். அன்று முழுவதும் ரசம் சோறுதான், யாரும் வெளியே விளையாடப் போக மாட்டோம். தினமும் கொடுக்கலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அடுப்பு ஊதும் குழலை எடுத்திருப்பார். இந்த இலையின் சத்து பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகளால் உடைக்கப்பட்ட பிறகே வேலை செய்கிறது, ஆகவேதான் இரவில் குடித்தால் காலையில் தெரிகிறது. ஆனால் நாம் உண்ட உணவின் மாவுச்சத்தும் கொழுப்பும் அதற்கு முன்பே சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நிலாவாரை வெளியேற்றுவது நீரையும், அதோடு சேர்ந்த உப்புகளையும், கழிவையும்தான். உங்களுக்குக் குறைந்த 1.8 கிலோவில் கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மலைத்தேன்:

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? காலையில் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சையும் இரண்டு மேசைக்கரண்டித் தேனும் கலந்து குடித்து, பின்பு ஒரு குவளை சத்துமாவுக் கஞ்சி குடித்தால் போதும். நம் முன்னோர் ஷேக்கா குடித்தார்கள்?

கூழ்வரகு:

நான் மதுரையில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மேலே எழுதியவர்களில் இருவருடன் உடன்படுகிறேன், ஒருவருடன் மாறுபடுகிறேன். முதலில் மாறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு மேசைக்கரண்டித் தேன் ஏறத்தாழ 120 கலோரி. அதை உணவோடு கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு எடை குறையும் என்று எதிர்பார்ப்பது, கடன் வாங்கிச் சேமிப்புக் கணக்கில் போடுவதைப் போன்றது. சத்துமாவுக் கஞ்சி நல்ல உணவுதான். ஆனால் அது இட்லிக்குப் பதிலாக வர வேண்டும், இட்லிக்கு முன்னால் வரக்கூடாது.

உணவுக்கு மாற்றான ஷேக்குகள் முற்றிலும் ஏமாற்று என்று நான் கூற மாட்டேன். பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது; 2017 டிசம்பரில் அதன் முதலாண்டு முடிவுகள் வெளியாயின. கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட சுமார் 300 பேரில் ஒரு பாதியினருக்கு, மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை, வழக்கமான உணவை முழுவதும் நிறுத்தி, நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானங்களும் சூப்புகளும் மட்டுமே தரப்பட்டன. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்திருந்தார்கள். ஆனால் அங்கே அந்தப் பானத்துடன் மருத்துவரும் செவிலியரும் உணவியலாளரும் இருந்தார்கள், நீரிழிவு மாத்திரைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன, பானத்திலிருந்து மீண்டும் உணவுக்குத் திரும்புவதற்கென்றே தனியாகப் பல வாரங்கள் ஒதுக்கப்பட்டன. தராசு அவர்கள் தடுக்கி விழுந்தது சரியாக அந்த இடத்தில்தான்: ஷேக்கை நிறுத்தும்போது தட்டில் எதை வைப்பது என்பதை மன்றத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தால் அடுத்த டப்பா விற்காதே!

பொருநை அவர்கள் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேதியால் உடல் இழக்கும் உப்புகளில் பொட்டாசியம் முக்கியமானது. வாரக்கணக்கில் இழந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், சோர்வு வரும், இதயத் துடிப்பின் சீரும் கெடலாம். மேலும், ‘மூலிகை’ என்ற பெயரில் வரும் தேநீரோ காபியோ பசியைச் சட்டென்று அடக்கி, நெஞ்சு படபடக்கவும் வாய் உலரவும் செய்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தின் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, 2011இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் அட்டையில் குறிப்பிடாமல் இளைப்புத் தேநீர்களிலும் காபிகளிலும் அது கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது.

இத்தகைய பானங்களில் குடம்புளிச் சாறும் அடிக்கடி இடம்பெறும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீன்குழம்பில் போடும் அதே புளிதான். 1998இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், 135 பேருக்கு 12 வாரங்கள் ஒரே வகையான கலோரி குறைந்த உணவைக் கொடுத்து, பாதிப் பேருக்குக் குடம்புளியின் அமிலத்தையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் தந்தார்கள். குடம்புளி உண்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 4.1 கிலோ. மீன்குழம்பில் அதற்குள்ள மதிப்பு இதனால் குறையப்போவதில்லை.

உங்கள் கணவரைப் பற்றி. தினமும் 300 மி.லி. சாதாரணக் கோலா குடிப்பவர் ஏறத்தாழ 30 கிராமுக்கு மேல் சர்க்கரையை விழுங்குகிறார். அவர் சர்க்கரை இல்லாத கோலாவுக்கு மாறினால் அந்த அளவுக்குப் பயன் உண்டு. நெதர்லாந்தில் 641 சிறுவர் சிறுமியரிடம் 18 மாதங்கள் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. அதில் தினமும் 250 மி.லி. சர்க்கரைப் பானம் குடித்தவர்களைவிட, சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்களின் எடை சுமார் 1 கிலோ குறைவாகவே கூடியிருந்தது. ஆனால் எதையும் குடிக்காமல் இருந்தவர் புதிதாக ஒரு கேனைத் தொடங்கினால், எந்தச் சர்க்கரையும் குறையவில்லையே? எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். அவர் முன்புபோலத் தண்ணீரோ நீர்மோரோ குடிக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை அளித்தது, நீங்கள் வசதி என்று போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான். ஷேக் மாவுகள் பலவற்றின் முதல் உட்பொருள் சோயாப் புரதம். அதைப் பாலில் வேறு கலக்கிறீர்கள். சோயாவும் கால்சியமும் தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் ஷேக்கைக் குடித்தால், மருந்து உடலில் சேர்வது குறைந்து, தைராய்டுக் குறைபாடு கூடலாம். அது கூடினால் எடையும் கூடும்! எடை குறைப்பதற்காகக் குடிக்கும் பானமே எடை குறைவதைத் தடுக்கும் வாய்ப்பு உங்கள் விஷயத்தில் இருக்கிறது.

காவிரிக்கரை:

நான்கு நாள்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். அனைவருக்கும் நன்றி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு பொருள்களின் உட்பொருள் பட்டியலையும் படித்தேன். தேநீரில் மூன்றாவதாகச் சென்னா இலை இருக்கிறது. முகப்பில் துளசி இலையின் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் துளசி கடைசிக்கு முந்தையது. ஷேக்கின் முதல் உட்பொருள், கூழ்வரகு அவர்கள் கூறியவாறே, சோயாப் புரதம். தேநீரை அன்றே நிறுத்திவிட்டேன், குறைந்த 1.8 கிலோவில் ஒன்றரை கிலோ அதற்குள் திரும்பிவிட்டது. மன்றத்தை நடத்துபவரிடம் தைராய்டு மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, “இது உணவுதான், மருந்தல்ல, எந்த மாத்திரையோடும் சாப்பிடலாம்” என்றார். திறந்த டப்பாவைத் திரும்பப் பெற மாட்டாராம். மூவாயிரம் ரூபாய் மாவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதை வேறு வேளையில் குடிக்கலாமா, காலையில் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் வேறு எதைச் சாப்பிடுவது என்று மட்டும் கூறிவிடுங்கள்.

கூழ்வரகு:

தூக்கிப் போட வேண்டாம். மாத்திரைக்கும் சோயா, கால்சியம் உள்ள பொருளுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருப்பது நல்லது. ஆகவே அலுவலகத்திலிருந்து பசியோடு திரும்பும் மாலை ஆறு மணிக்கு, வழக்கமான நொறுக்குத் தீனிக்குப் பதிலாக ஷேக்கைக் குடித்துத் தீர்த்துவிடுங்கள்; தீனியும் ஷேக்கும் சேர்ந்து வேண்டாம். காலையில் மாத்திரையை வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். முதல் நாள் இரவே அவித்து வைத்த இரண்டு முட்டையும் ஒரு கொய்யாவும் டப்பாவில் போட்டுக்கொண்டால் பேருந்தில் அமர்ந்தே உண்ணலாம். முட்டை ஆகாதென்றால் தாளிக்காத பச்சைப்பயறுச் சுண்டல். சட்னி இதற்கும் அரைக்க வேண்டியதில்லை. இந்த முறையில் ஆறு முதல் எட்டு வாரங்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்ட பிறகு, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தச் சோதனை செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்; ஷேக் குடித்த விவரத்தையும் தேநீர் குடித்த விவரத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.