நில எடுப்பு மனு: ஆப்ஜெக்ட், அப்போஸ், ரெசிஸ்ட், ப்ரொட்டெஸ்ட், எது சரி?

கேள்வி: வயற்காட்டான், அம்பாசமுத்திரம்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. சாலைக்காக அதில் ஒரு பகுதியை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நகல் டெல்லிக்கும் போகவேண்டும் என்பதால் ஊரார் சேர்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். தம்பி எழுதிய வரைவில் தலைப்பில் உள்ள நான்கு சொற்களும் மாறி மாறி வருகின்றன. அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் ‘எதிர்’தான். எதை வைப்பது?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, ஆப்ஜெக்ட் என்று எழுதுங்கள். காரணத்தைச் சொல்லி, முடிவெடுப்பவர் முன் வைக்கும் ஆட்சேபணை அது. அதன்பின் ‘டு’ கட்டாயம். அடுத்து வினை வந்தால் ‘இங்’ சேரவேண்டும். ‘வீ ஆப்ஜெக்ட் டு லூசிங் அவர் லேண்ட்’ சரி. ‘டு லூஸ்’ பிழை.

அப்போஸ் ஒரு நிலைப்பாடு. ‘வீ அப்போஸ் த ரோடு’ என்றால் சாலையே வேண்டாம் என்று பொருள். உங்களுக்குச் சாலை வேண்டாமா, அல்லது அது வேறு வழியாகப் போனால் போதுமா? இதை ஊர்க்கூட்டத்தில் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வழி மாறினால் போதும் என்றால் இந்தச் சொல் உங்களுக்கே கேடு. சாலை வேண்டாம் என்பவர்கள் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். இன்னொன்று: ‘அப்போஸ் டு’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது தவறு. ‘வீ ஆர் அப்போஸ்ட் டு’ என்னும்போதுதான் ‘டு’ வரும்.

ரெசிஸ்ட் என்பது மேலே வந்து விழுவதற்கு இடங்கொடாமல் நிற்பது. கம்பெனிக்குப் பணியாமல் நின்று, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலேறினாரே கட்டபொம்மன், அவருக்கு உரிய சொல். மனுவில் வந்தால் அளக்க வருபவரை மறிக்கப்போகிறீர்கள் என்று படுமே! 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது நெல்லை மக்கள் வீதிக்கு வந்ததற்கு ப்ரொட்டெஸ்ட் பொருந்தும். ஊரறியச் சொல்வது அது, மனுவுக்கு வேண்டாம்.

பதில்: வக்கீல் குமாஸ்தா, சேரன்மகாதேவி

ஐயா சொன்னதுதான் சட்டத்திலும் உள்ள சொல். அறிவிப்பு எந்தச் சட்டப்படி வந்தது என்று உடனே பாருங்கள். 2013 நில எடுப்புச் சட்டம் என்றால் 15-ஆம் பிரிவின்படி ஆட்சேபணைக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21 நாள்தான். எழுத்தில் கொடுத்து, நேரில் விசாரிக்கும்படியும் கேளுங்கள்.

வயற்காட்டான்:

21 நாள்தான், இன்னும் கெடு இருக்கிறது. வழி மாறினால் போதும் என்று ஊரில் பேசி முடித்தோம். ‘கிழக்கே உள்ளது தரிசு. ஆன் த கான்ட்ரரி, எங்கள் நிலத்தில் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் விளைகின்றன’ என்று தம்பி எழுதியிருக்கிறான். இது சரியா ஐயா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

இல்லை. முன்னே சொன்னதைப் பொய் என்று மறுக்கும்போதுதான் ‘ஆன் த கான்ட்ரரி’. கிழக்கே தரிசு என்பதை நீங்கள் மறுக்கவில்லையே. இரண்டு நிலத்தையும் ஒப்பிடுகிறீர்கள். அதனால் ‘இன் கான்ட்ராஸ்ட்’ என்று மாற்றுங்கள். உங்கள் நிலம் ஒருபோகம் என்று அதிகாரிகளின் அறிக்கையில் இருந்தால், அதை எடுத்துக்காட்டிவிட்டு ‘ஆன் த கான்ட்ரரி’ என்று தொடங்கி, இருபோகத்துக்கான அடங்கல் (கிராமப் பயிர்க்கணக்கு) நகலை இணையுங்கள்.