எட்டு மென்பொருள்களை இணைக்க, முதலில் சர்வீஸ் பஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் ஆர்டர், கிடங்கு, கணக்கு, வாடிக்கையாளர் விவரம் என எட்டு மென்பொருள்கள், வெவ்வேறு காலங்களில் வாங்கப்பட்டு, தனித்தனித் தரவுத்தளங்களுடன் இயங்கி வருகின்றன. இரவில் ஒன்றிலிருந்து கோப்பை எடுத்து இன்னொன்றில் ஏற்றுவதே இதுவரையிலான நடைமுறை. ஓர் இரவு அது தவறினால், மறுநாள் கிடங்கில் இல்லாத சரக்குக்கும் ஆர்டர் எடுத்துவிடுகிறோம். ஒவ்வொன்றையும் மற்ற ஏழோடும் நேரடியாக இணைத்தால் 28 இணைப்புகள் வரும் என்பதால், ஒவ்வொரு மென்பொருளின் வேலையையும் மற்றவை அழைக்கக்கூடிய சேவையாகத் தரும் சேவை சார்ந்த கட்டமைப்புக்கு மாற முடிவு செய்துள்ளோம். முதலில் ஒரு எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்ஸை (மென்பொருள்களுக்கு நடுவே நின்று செய்திகளைக் கடத்தும் பொது இடைமென்பொருளை) வாங்கிவிட்டு, பிறகு சேவைகளை எழுதுவது சரியான வரிசைதானா?

மறுமொழி 1

அந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. பஸ் செய்தியைக் கொண்டு சேர்க்கும், வடிவத்தையும் மாற்றித் தரும். ஆனால் விலை விசாரித்தவரையும் வாடிக்கையாளர் என்று விற்பனைப் பிரிவு பதிந்துவைக்க, பில் போடப்பட்டவரை மட்டுமே கணக்குப் பிரிவு அப்படிக் கருதினால், அந்த வழக்கைத் தீர்த்துவைக்க எந்தப் பஸ்ஸாலும் ஆகாது. எனவே செய்தியில் எந்தப் புலம் (ஆர்டர் எண் போன்ற விவரம்) கட்டாயம், அது எந்த வகை, பிழை நேர்ந்தால் என்ன பதில் என்ற ஒப்பந்தத்தை முதலில் எழுதுங்கள். சேவையை அழைக்கும் முறை சோப் என்றால் டபிள்யூஎஸ்டிஎல்லிலும், ரெஸ்ட் என்றால் ஓப்பன்ஏபிஐயிலும் எழுதலாம்; இவ்விரண்டும் சேவையை விவரிக்கும் வடிவங்கள். நான் பணியாற்றிய ஓரிடத்தில் 00417 என்ற ஆர்டர் எண்ணின் வகையை ஸ்கீமாவில் (தரவின் அமைப்பைச் சொல்லும் வரையறையில்) இன்டிஜர், அதாவது முழு எண், என்று குறித்திருந்தார்கள். மறுமுனையில் அது 417 ஆகி, ஏற்கெனவே அந்த எண்ணில் இருந்த பழைய ஆர்டரோடு போய் ஒட்டிக்கொண்டது. எழுத்துத் தொடரைக் குறிக்கும் ஸ்ட்ரிங் என்று ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒப்பந்தத்தில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: பதில் வராமல் டைம்அவுட் ஆனால் (காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டால்), மறுமுனையில் வேலை முடிந்துவிட்டதா இல்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. மீண்டும் அனுப்பினால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் விழலாம். அனுப்புபவரே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் இட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், பெறுபவர் வேலையைத் திரும்பச் செய்யாமல் முதல் முறை தந்த பதிலையே தர வேண்டும். எட்டுத் தரவுத்தளங்களையும் ஒரே பரிவர்த்தனையில் (எல்லாம் நிறைவேறும், இல்லையேல் எதுவுமே நிறைவேறாது என்ற முறையில்) பூட்டிவைக்க முயலாதீர்கள். 1987-இலேயே சாகா என்ற பெயரில் விவரிக்கப்பட்ட, ஒரு படி தோற்றால் முந்தைய படிகளை ஈடுசெய்யும் முறைப்படி, பணம் செலுத்துவது தோற்றால் ஒதுக்கிய சரக்கை விடுவிக்கும் தனிச் செயலையும் சேவையிலேயே வைத்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பஸ்ஸே தேவையில்லையா? தள்ளுபடி விதிகளைக்கூட அதிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் கூறுகிறார்.

மறுமொழி 1

எழுதலாம்தான், அங்கேதான் சிக்கல் தொடங்கும். வழிப்படுத்தலும் வடிவ மாற்றமும் மட்டும் பஸ்ஸில் இருக்கட்டும். தள்ளுபடி விதி ஆர்டர் சேவைக்கு உரியது. இரண்டு இடத்திலும் விதி இருந்தால், விலை தவறும் நாளில் எந்தப் பிரிவைக் கேட்பது? சேவைகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். (எந்த நிறுவனத்தின் சேவை எங்கே கிடைக்கும் என்று பட்டியலிட, எல்லோருக்கும் பொதுவாக அமைத்த யுடிடிஐ பதிவேட்டையே ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூன்றும் 2006-இல் மூடிவிட்டன என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.)

உங்கள் நிலையில் நான் சரக்கு இருப்பைச் சொல்லும் சேவையை மட்டும் முதலில் எழுதுவேன். இரவுக் கோப்பை உடனே நிறுத்திவிடாமல், கோப்பு ஏறி முடிந்ததும் அது காட்டும் இருப்பையும் சேவை தரும் இருப்பையும் நாள்தோறும் ஒப்பிட்டு, வேறுபட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிந்த பிறகே கோப்பை நிறுத்துங்கள்.