'இன வலிப் பாகுபாடு' என்ற சொல் சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

நோயாளியின் இனத்தைப் பார்த்து மருத்துவர்கள் அவர் வலியைத் தவறாக மதிப்பிடுவதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்குப் போன மடலில் ஐயா தந்த 'இன வலிப் பாகுபாடு' எனக்கு உறுத்துகிறது. படிப்பவர், இனத்துக்கு இனம் வலியே வேறுபடும் என்றல்லவா எடுத்துக்கொள்வார்? நாம் எதிர்க்கும் பொய்யே அதுதான். 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படி ஏதாவதொரு பொய்யை நம்பினார்கள். கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது அதில் ஒன்று. நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை அங்கே பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கே வருகிறது. வலி திரும்பத் திரும்ப வந்து, வலி குறைக்கும் ஊசி கேட்டு ஓடிவருபவரை, போதைக்கு அடிமையோ என்று சந்தேகிக்கிறார்கள். கோணல் அளப்பவரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

என் முன்மொழிவு: வலிமதிப்புச் சாய்வு. முன்னால் 'இனவழி' சேர்க்கலாம்.

'சாய்வு'க்குப் பதிலாக வேறு சொற்களையும் பார்த்தேன். 'சார்பு' என்றால் ஆதரவு என்றும் பொருள்படும். 'ஓரவஞ்சனை' நம் வீட்டுச் சொல், ஆனால் அது தெரிந்தே செய்வது. இங்கே பலர் தெரியாமல் செய்கிறார்கள். குறள் 119இல் 'உட்கோட்டம்' இருக்கிறது. மனத்துக்குள் கிடக்கும் சாய்வு, அத்தனை பொருத்தம்! இன்று கோட்டம் என்றதும் வள்ளுவர் கோட்டமும் வருவாய்க் கோட்டமும்தான் நினைவுக்கு வரும் என்பதால் மனமில்லாமல் விடுகிறேன்.

'இனவழி'யைத் தனியே நிறுத்தக் காரணம் உண்டு. காசிமேட்டில் மீன்கூடை சுமந்த என் அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். ஒரு மருத்துவமனையில், "உழைச்ச உடம்பும்மா, தாங்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க விரல் மடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இதில் இனம் இல்லை, சாய்வு அதேதான். 'தொழில்வழி', 'பாலினவழி' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லில் இடம் வேண்டும்.

— ராயபுரத்திலிருந்து

மறுமொழி:

'சாய்வு' சரி தம்பி. 'வலிமதிப்பு' என்பது வலிக்கு மரியாதை கொடுப்பதுபோல் ஒலிக்கிறது. 'வலிக்கணிப்பு' எப்படி? நான் செவிலியாக இருந்தவள். வலி எவ்வளவு என்று கேட்டால் நோயாளி பத்துக்கு எட்டு என்பார். முகத்தைப் பார்த்து நாமே நாலு என்று எழுதுவோம். அது கணிப்புத்தானே?

— தண்டையார்பேட்டையிலிருந்து

மறுமொழி:

ஏற்கிறேன் அக்கா. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: இனவழி வலிக்கணிப்புச் சாய்வு. எடுத்துக்காட்டு: 'வலிக்கணிப்புச் சாய்வால் அவருக்கு மருந்து தாமதமானது.'