மறுமொழி: ‘ஃபிராஸ்’ – புழுவெச்சமா, புழுக்கையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பூச்சிப் புழுக்களின் கழிவைக் குறிக்கும் ‘ஃபிராஸ்’ (frass) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த யோசனைக்கு என் மறுமொழி இது. எனக்குப் பிடித்த சொல் ‘புழுக்கை’.

> இலைதின்னும் புழுக்களின் கழிவைப் ‘புழுவெச்சம்’ எனலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் எச்சம் என்றதும் காக்கை உட்கார்ந்த சுவர்தான் கண்ணில் தெரிகிறது. யானைக்கு இலத்தி, மாட்டுக்குச் சாணம், கழுதைக்கு விட்டை, ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை. எந்த விலங்கு என்று சொல்லாவிட்டாலும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வகை பிரித்து வைத்திருக்கும் மொழியில் புதிதாக ஒரு கூட்டுச்சொல்லை எதற்கு ஒட்டவைக்க வேண்டும்? உருண்டையாக, உலர்ந்து, மணிமணியாக விழுவது புழுக்கை. கம்பளிப்பூச்சி போடுவதும் அப்படித்தான்.

இதை நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை, கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் கரும்பச்சை மணிகள் சிதறிக் கிடந்தன. எலி என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். குனிந்து பார்த்தால், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஆறு பள்ளம், சின்னஞ்சிறு பீப்பாய்போல. எலிக்கு ஏது இந்த வேலைப்பாடு? மேலே கவிழ்ந்த பூக்கள் தொங்கும் பெரிய ஊமத்தை. கால் மணி நேரம் தேடியபின், நேர் மேலே இருந்த காம்பில் விரல் தடிமனுக்கு ஒரு மஞ்சள்பச்சைப் புழு. பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வால்நுனியில் சொரசொரப்பான வளைந்த கொம்பு. கொம்பும் கோடுகளும் ஊமத்தையும் சேர்ந்து அடையாளம் சொல்லிவிட்டன: மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு. முதுகில் மண்டையோடு போன்ற குறியோடு, தேன்கூட்டுக்குள் புகுந்து திருடி, பிடித்தால் கீச்சிடுமே, அதுதான். உருளைக்கிழங்குச் செடியையும் உண்ணிச்செடியையும்கூடத் தின்னும். ஆனால் கிடைத்த செடியின் இலையையே கொடுப்பதுதான் நல்லது.

அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து வளர்த்தேன். தினமும் புது இலை, தினமும் புழுக்கையைத் தட்டிவிடுதல். ஒரு நாள் விட்டாலும் இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். ஒருநாள் மணிகளுக்குப் பதிலாக ஈரமாகக் கழிந்தது. முதுகு கறுத்தது, இலையைத் தொடவில்லை, பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. சீக்கு என்று பயந்துவிட வேண்டாம். கூட்டுப்புழுவாக மாறுவதற்கு மண் தேடுகிறது. வாளியில் ஒரு சாண் ஆழத்துக்குப் பொலபொலப்பான மண் போட்டு விட்டதும் தலைகீழாக இறங்கிவிட்டது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன்.

> ‘புழு’வுக்கும் ‘புழுக்கை’க்கும் சொற்பிறப்பில் உறவு இல்லையே? மாணவர்கள் தவறாக நினைப்பார்களே?

நினைக்கட்டும். காதுக்கு உதவுகிற பிழை. சுந்தரர் தேவாரத்தில் இச்சொல் ‘பிழுக்கை’ என்றே வருகிறது. அந்த வடிவம் வேண்டுவோர் அதையே எழுதலாம். ‘ஃபிராஸ்’ மட்டும் என்ன வாழ்ந்தது? விலங்கு தின்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்து, தின்று போட்டதில் போய் நின்ற சொல் அது!

கூட்டுச்சொல்லுக்கும் இது வளைந்துகொடுக்கிறது. மரத்தடியில் தட்டு வைத்து, விழுவதைக் கொண்டு மேலே எத்தனை புழு இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதைப் ‘புழுக்கைத் தட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘புழுவெச்சத் தட்டு’ என்றும் சொல்லிப் பாருங்கள்.

– கோத்தகிரியிலிருந்து

* * *

ஐயா, ஒரு சிக்கல். எங்கள் காபித் தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் புழு தண்டுக்குள் அடைத்துவைக்கும் மரத்தூளையும் ஆங்கிலத்தில் ஃபிராஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அதுவும் புழுக்கையா?

– தாண்டிக்குடியிலிருந்து

* * *

தாண்டிக்குடி அம்மாவுக்கு,

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. மணியாக விழாத அந்தத் தூளைப் புழுக்கை என்றால் எந்த விவசாயியும் சிரிப்பார். ஆங்கிலம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறது. நாமும் போட வேண்டியதில்லை. உளுத்த மரம் கொட்டுவதால் ‘உளுத்தூள்’ எனலாமா? உங்களிடம் சிவப்புத் துளைப்பானும் இருக்குமே. அது வெளியே தள்ளி அடிமரத்தில் குவிப்பது மணிமணியாகத்தான் இருக்கும், எனவே அது புழுக்கை. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இரண்டையும் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.

‘இன்ஸ்டார்’ (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான புழுப் பருவம்) என்ற சொல்லைப் பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

– கோத்தகிரியிலிருந்து