தையல் மெஷின் தொடாமல் பிள்ளை அறைக்குத் திரைச்சீலை: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கால் மணி நேரம் ஆகும். மகள் அறைக்கு ஸ்கிரீன் வேண்டும் என்று வந்தபோது தைக்கிற யோசனையே எழவில்லை. அலமாரியில் பிரிக்காமல் கிடந்த இரண்டு பருத்தி பெட்ஷீட், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் டேப் ஒரு சுருள், இவ்வளவுதான் எடுத்து வைத்தேன்.

அந்த டேப்பைப் பார்க்காதவர்களுக்காக: கொசுவலை மாதிரி மெல்லிசாக இருக்கும். முழுக்க முழுக்கச் சூட்டில் உருகும் பசைதான். ஓரத்தை மடித்து, மடிப்புக்குள் டேப்பை வைத்து, மேலே ஈரத் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை ஓர் இடத்தில் அழுத்திப் பத்து, பதினைந்து விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்த்தால் உள்ளே டேப் நழுவிவிடும். என் முதல் ஓரம் பாம்பு போன பாதை மாதிரி ஆனது இதனால்தான்.

மேல் பக்கம் அதைவிடப் பெரிய கூத்து. மூன்று இன்ச் மடித்து, ஆர்வத்தில் மடிப்பு முழுவதையும் ஒட்டிவிட்டேன். கம்பி எங்கே நுழையும்? மடிப்பின் கீழ் விளிம்பில் மட்டும் டேப் வைத்து, மேலே குழல் மாதிரி விட்டிருக்க வேண்டும். நல்லவேளை, மறுபடி சூடு காட்டி, ஆறுவதற்குள் மெல்ல இழுத்தால் பிரிந்து வருகிறது. விரல்தான் கொஞ்சம் சுட்டது.

எல்லாம் முடிந்து மாட்டினேன். அழகாகவே இருந்தது, முதல் தடவை துவைக்கும் வரை. காய்ந்து வந்ததும் பார்க்கிறேன், ஏழடித் துணியில் மூன்று இன்ச் காணோம். கீழ் ஓரம் பாதிக்கு மேல் வாய் பிளந்து தொங்குகிறது. டேப் மட்டமா, நான் மட்டமா?

*

டேப்பும் இல்லை, நீங்களும் இல்லை. துவைக்காத துணிதான் காரணம். புதுப் பருத்தி முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று, நான்கு சுருங்குவது சாதாரணம். ஏழடி என்பது 84 இன்ச், கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுத் துணியில் பளபளப்புக்காகக் கஞ்சி மாதிரி ஏதாவது ஏற்றியிருப்பார்கள். பசை நூலைப் பிடிக்காமல் அந்தப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு தண்ணீரில் போனால் ஓரமும் கூடவே போகும்.

நான் இப்போதெல்லாம் இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அளவே எடுக்கிறேன். துவைக்கும்போது துணியை மெதுவாக்கும் அந்த வாசனைத் திரவம் வேண்டாம், அதுவும் பசையைக் கெடுக்கும்.

இன்னொன்று, வெட்டுகிற சமாச்சாரம். சாதா நெசவுப் பருத்தியை நேராக வெட்டக் கத்தரிக்கோல் தேவையே இல்லை. ஓரத்தில் ஓர் இன்ச் வெட்டு கொடுத்துக் கையால் கிழித்தால் நூல் வழியே நேர்கோடாகப் போகும். சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து மாமியார் ஓடி வந்தார், அது வேறு கதை. பாலியெஸ்டரில் மட்டும் மூலையில் சின்னத் துண்டில் சூடு பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு பெரிய துணியின் நடுவில் நான் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறேன்.

*

ஒட்டுவதே எதற்கு என்று கேட்கும் கட்சி நான். பெட்ஷீட்டுக்கு ஓரம் பிரியாமல் முடித்துத்தானே வருகிறது? கிளிப் வைத்த வளையங்களைக் கம்பியில் கோர்த்து, பெட்ஷீட்டின் மேல் ஓரத்தை நாலைந்து இன்ச்சுக்கு ஒன்றாகக் கவ்வவிட்டேன். நீளம் அதிகமா, மேல் பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டுக் கவ்வவிடலாம். அரை மணி நேர வேலை. வீடு மாறியபோது கழற்றி மறுபடி கட்டிலில் விரித்தாயிற்று.

ஆனால் கம்பியில் அடி வாங்கினேன். ஆணி அடிக்க வேண்டாமே என்று, உள்ளே ஸ்பிரிங் வைத்து இரு சுவருக்கும் இடையில் இறுகி நிற்கும் கம்பியை மாட்டியிருந்தேன். மகன் ஒருநாள் திரையைப் பிடித்துத் தொங்கினான். கம்பி, துணி, வளையம் எல்லாம் அவன் தலையில். மெல்லிய கம்பி என்பதால் புடைப்போடு போயிற்று. அன்றைக்கே சுவரில் திருகு போட்டு மாட்டும் கம்பிக்கு மாறிவிட்டேன். கையால் இழுத்தால் கழன்று வரும் கிளிப்புகளும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

திரையை ஒதுக்கிக் கட்டக் கயிறு, ரிப்பன் எதுவும் பிள்ளை அறையில் தொங்க வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் நிஜமானது. கட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெளிச்சம் வேண்டும்போது துணியையே ஒரு முடிச்சாகப் போட்டுவிடுகிறேன், அதுவே பார்க்க நன்றாக இருக்கிறது.

*

சுருக்கமாக என் இரண்டு தவறுகள். ஜன்னல் அகலத்துக்குச் சரியாகத் துணி எடுத்தேன். மூடினால் மடிப்பே இல்லாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஒன்றரை மடங்காவது வேண்டும், இரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது. அடுத்தது, முயல் படம் போட்ட துணி. மாட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு பக்கத் திரையில் எல்லா முயலும் தலைகீழாகத் தொங்குகின்றன. மகனுக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது, அதனால் மாற்றவில்லை.

விடிந்ததும் எழுந்துகொள்ளும் குழந்தை என்றால் பின்னால் அடர்ந்த நிறத்தில் இன்னொரு பெட்ஷீட் சேருங்கள். கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலேயும், இரு பக்கமும் அரை அடி நீட்டியும் மாட்டினால் ஓரத்து வெளிச்சமும் அடங்கும்.

*

பெட்ஷீட்காரி மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் இன்னொரு தடவை துவைத்து, கீழ் ஓரத்தைப் புதிதாக ஒட்டினேன். ஒரு மாதத்தில் இரண்டு துவையல் தாங்கிவிட்டது. குறைந்த நீளத்துக்கு மகளின் பழைய மஞ்சள் போர்வையிலிருந்து ஒரு பட்டை கிழித்துக் கீழே சேர்த்தேன். நேராகத்தான் கிழிந்தது!

இப்போது புதுப் புகார். கண்ணாமூச்சியில் திரைக்குப் பின்னால் ஒளிந்தால் கால் வெளியே தெரிகிறதாம், தரை வரைக்கும் வேண்டுமாம். சுருளில் இன்னும் இரண்டு முழம் டேப் இருக்கிறது.